நடக்காத நஷ்டத்தைக் காட்டிய வேம்பன்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று கேட்டு என்னை மடக்கப் பார்க்காதீர்கள், ஒரு கடற்கரை நாட்டைக் கனகவேலர் என்ற மன்னர் ஆண்டு வந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தாலும் சாப்பாட்டு வேளைக்குள் ஆறிவிடும். ஆனால் எதைப் பிடித்தாலும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுவார். நடுவில் நிற்க அவருக்குத் தெரியாது.

தடை உத்தரவு விஷயத்திலும் அப்படித்தான் ஆயிற்று. ஆரம்பத்தில் யார் வந்து "வழக்கு முடிகிற வரைக்கும் நிறுத்தி வையுங்கள் மகாராஜா" என்று கேட்டாலும் உடனே தடை கொடுத்துவிடுவார். பக்கத்து வீட்டுச் சேவல் கூவக் கூடாது என்று ஒருவன் தடை வாங்கினான். அவன் வீட்டுச் சுவர் எழும்பக் கூடாது என்று சேவல்காரன் பதிலுக்கு ஒன்று வாங்கினான். ஒரு கல்யாணம் பந்தக்கால் நட்டதோடு எட்டு மாதம் நின்று போய், மாப்பிள்ளைக்குத் தொப்பையே போட்டுவிட்டது. கடைசியில் அரண்மனைச் சமையற்காரர் அடுப்பு மூட்டக் கூடாது என்றும் யாரோ ஒரு தடை வாங்கிவிட, மன்னர் ஒரு மத்தியானம் பழைய சோற்றோடு எழுந்திருக்க வேண்டி வந்தது. அன்று கை கழுவிய கையோடு ஒரு சட்டம் போட்டார்.

"இனி என் நாட்டில் விசாரணைக்கு முன்னால் எதற்கும் தடை கிடையாது. நடக்கிறது நடக்கட்டும். பிறகு விசாரித்து, அநியாயம் என்று தெரிந்தால் கருவூலம் ஈடு கொடுக்கும். என் கருவூலத்தால் ஈடு கட்ட முடியாத நஷ்டம் என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது!"

சபை முழுவதும் கை தட்டியது. அரண்மனை விகடகவி வேம்பன் மட்டும் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தான். எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது என்று அவனுக்குப் பட்டது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

அந்தச் சமயத்தில் மன்னருக்கு இன்னொரு பைத்தியமும் பிடித்திருந்தது. ஊர் ஊராகப் போகும் பாணன் ஒருவன் ஒரு விடுகதையைப் போட்டுவிட்டு, சன்மானத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். தினமும் காலையில் சபை கூடியதும் கட்டியக்காரன் அதை உரக்கப் படிப்பான்:

"இருவர் பிறந்தார் ஒன்றாக,
ஊரைச் சுற்றினார் ஒன்றாக,
வாசல் வந்ததும் நின்றாராம்,
ஒருவர் தொலைந்தால் மற்றவர் வீணாம்."

நாற்பத்தொரு நாளாக மன்னர் இதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். சூரியனும் சந்திரனும் என்றார். இரட்டை மாடு என்றார். ஒரு நாள் நடுச்சாப்பாட்டில் "மந்திரியும் தளபதியும்!" என்று கத்தினார். எதுவும் பொருந்தவில்லை. ஆனாலும் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை. பதிலைத் தானே கண்டுபிடிக்க வேண்டும், வேறு யாராவது சொன்னால் நாடு கடத்தல் என்று உத்தரவு. வேடிக்கை என்னவென்றால் சபையில் மற்ற எல்லோருக்கும் பதில் தெரியும். வாயிற்காவலனுக்குக்கூடத் தெரியும். மன்னர் தன் கையால் செய்கிற வேலைகள் கொஞ்சம் குறைவு, அதனால்தான் அவருக்குத் தட்டுப்படவில்லை. பதிலை நான் இப்போது சொல்லப் போவதில்லை. மன்னரே காத்திருக்கும்போது உங்களுக்கு என்ன அவசரம்?

நாற்பத்தொன்றாம் நாள், வலம்புரி என்ற பெண் சபை வாசலுக்கு வந்தாள். மீன்பிடி வலைகளுக்குக் கஷாயம் காய்ச்சுகிறவள். பனிச்சங்காய் என்ற துவர்ப்புக் காயின் சாற்றில் வலையை ஊறப் போடுவது கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வலம்புரியின் கொட்டகையில் ஊறிய வலை மூன்று வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் இற்றுப் போகாது. அவள் சேர்க்கிற மூன்றாவது பொருள் என்ன, எந்தக் கொதியில் சேர்க்கிறாள் என்பது அவளுக்கும் அவள் தங்கைக்கும் மட்டும்தான் தெரியும். இரண்டு பேருமே விதவைகள். அந்தக் கொட்டகையை நம்பி இன்னும் ஒன்பது பெண்களின் அடுப்பு எரிந்தது.

அவள் உள்ளே கால் வைத்த நேரம் கட்டியக்காரன் விடுகதையைப் படித்துக்கொண்டிருந்தான். வலம்புரி கேட்டாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். "இது என்ன பெரிய..." என்று வாயெடுத்ததுதான் தாமதம், வாயிற்காவலன் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்திவிட்டான். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவளை வம்புக்கு இழுத்தவர் சரக்கறை அதிகாரி திருமேனிநாதர். அரண்மனைக் கயிறும் பாயும் வலையும் அவர் பொறுப்பு. அவர் மன்னரிடம் ஒரு வழக்குக் கொடுத்திருந்தார். வலம்புரியின் தகப்பன் ஒரு காலத்தில் சரக்கறையில் கூலிக்கு இருந்தவனாம். கஷாயப் பக்குவம் உண்மையில் திருமேனிநாதர் குடும்பத்துச் சொத்தாம், அவன் திருடிக்கொண்டு போய்விட்டானாம். இரண்டு பக்குவமும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, வருகிற வெள்ளிக்கிழமை வலம்புரி அரண்மனை முற்றத்தில் பக்குவத்தைப் பலர் அறியச் சொல்ல வேண்டும், அதைப் பதினாறு துறைமுகங்களிலும் முரசடித்து அறிவிக்க வேண்டும் என்று உத்தரவும் வாங்கி வைத்திருந்தார். வழக்கு விசாரணையோ அடுத்த பௌர்ணமிக்கு.

"மகாராசா, வழக்கு முடியற மட்டும் அந்த முரசை நிறுத்திவைங்க. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள் வலம்புரி.

"தடை கொடுப்பதில்லை என்று சட்டம் இருக்கிறதே, அம்மா. பயப்படாதே. வழக்கில் நீ ஜெயித்தால் ஆயிரம் பொன் ஈடு தருகிறேன்."

"ஆயிரம் பொன்னை வச்சு, ஊரே கேட்டதை ஊரு காதிலிருந்து எடுத்துர முடியுமா மகாராசா?"

திருமேனிநாதர் சிரித்தார். "அரசே, உத்தரவு பிறந்து பத்து நாள் ஆகிறது. அவ்வளவு பெரிய ஆபத்து என்றால் இத்தனை நாள் இவள் எங்கே போயிருந்தாள்?"

"ஆத்துல வெள்ளம், சுத்திக்கிட்டு நடந்து வர மூணு நாள் ஆச்சு. மிச்சம் ஏழு நாளும் இந்த ஐயா வீட்டு வாசல்லதான் நின்னேன். உள்ள விடல."

சபையில் நாலைந்து பேர் சிரிப்பை அடக்கத் துண்டைத் தேடினார்கள். வேம்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவன் எழுந்து நின்றான்.

"அரசே, இந்த அம்மா சொல்வது நியாயம். இது ஈடு கட்ட முடியாத நஷ்டம்."

"அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லியிருக்கிறேனே, வேம்பா."

திருமேனிநாதருக்கு வேம்பனைக் கண்டாலே ஆகாது. மன்னர் தன்னிடம் கணக்குக் கேட்கிறார், இவனிடம் மட்டும் கதை கேட்கிறாரே என்று வெகுநாள் புழுக்கம். நல்ல சமயம் என்று உள்ளே நுழைந்தார்.

"அரசே, விகடகவி இருக்கிறது என்கிறார். இருந்தால் காட்டட்டுமே! நாளைக் காலை இதே சபையில், ஈடு கட்ட முடியாத நஷ்டம் ஒன்றைத் தங்கள் கண்முன் காட்டட்டும். ஆனால் அது நடந்துவிடவும் கூடாது. நடந்துவிட்டால் அப்புறம் தடை எதற்கு? நடக்கவில்லை என்றால் அது வெறும் கற்பனை. காட்ட முடியாவிட்டால் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு என் சரக்கறையில் ஒரு வருஷம் உப்பு மூட்டை தூக்கட்டும்."

மன்னருக்கு இது பிடித்துவிட்டது. "பேஷ்! காட்டு வேம்பா. நடக்காத நஷ்டம், நடக்கக் கூடாத நஷ்டம், என் பொன்னுக்கு அடங்காத நஷ்டம். காட்டினால் முரசு நிற்கும்."

வேம்பன் வணங்கிவிட்டு வெளியே வந்தான். மத்தியானம் முழுக்க யோசித்தான். மன்னரின் பளிங்குக் கிண்ணத்தை உடைக்கப் போவதாக மிரட்டலாமா? வேறு கிண்ணம் வாங்கிக்கொள்வார். பட்டத்து யானை? அதற்கும் ஒரு விலை சொல்வார். எதை எடுத்தாலும் அந்தப் பாழாய்ப் போன கருவூலம் குறுக்கே வந்து நின்றது. உப்பு மூட்டையின் கனம் அப்போதே அவன் தோளில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. உள்ளபடி சொன்னால், அவனுக்குப் பயமாகத்தான் இருந்தது. தனக்காக மட்டும் இல்லை.

சாயங்காலம் வலம்புரி தங்கியிருந்த சத்திரத்துக்குப் போனான். அவள் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒன்றும் தோன்றவில்லை" என்றான்.

"விடுங்கண்ணே. எங்களுக்காக நீங்க ஏன் மூட்டை தூக்கணும்?" என்றாள் அவள். பிறகு, "ஒண்ணு கேக்கணும். காலையில அந்தக் காவக்காரன் ஏன் என் வாயைப் பொத்துனான்?" என்று கேட்டாள்.

வேம்பன் விடுகதைச் சமாசாரத்தைச் சொன்னான். நீ மட்டும் பதிலைச் சொல்லியிருந்தால் மன்னரின் நாற்பத்தொரு நாள் சந்தோஷம் ஒரு நொடியில் போயிருக்கும் என்றான்.

வலம்புரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாருக்குண்ணே நியாயம்! அவரு காதுல ஒரு சொல்லு விழுந்துரக் கூடாதுன்னா பாஞ்சு வந்து வாயைப் பொத்துறாங்க. எங்க பொழைப்பு முச்சூடும் ஒரு சொல்லுல இருக்கு, அதை மட்டும் முரசடிச்சுச் சொல்லணுமாம், அப்புறம் ஈடு தருவாராம்!"

வேம்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகத் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டான்.

"அக்கா, காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு சபைக்கு வா. முரசு நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்கினான்.

மறுநாள் சபையில் இடமில்லை. வேம்பன் உப்பு மூட்டை தூக்குவதைப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அத்தனை பேர்! திருமேனிநாதர் ஒரு சின்ன மூட்டையைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார். கட்டியக்காரன் விடுகதையைப் படித்து முடித்ததும் மன்னர் கேட்டார்:

"என்ன வேம்பா, தயாரா?"

"தயார் அரசே. அதற்கு முன் ஒரு காரியம். நாற்பத்திரண்டு நாளாகத் தாங்கள் இந்த விடுகதையோடு படுகிற பாட்டை என்னால் பார்க்கச் சகிக்கவில்லை. பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த இருவர் யார் என்றால்..."

"நிறுத்து!"

மன்னர் சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுந்துவிட்டார். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். கிரீடம் சரிந்து புருவத்தில் வந்து நின்றது. காவலர்கள் ஓடி வந்து வேம்பனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏன் அரசே தடுக்கிறீர்கள்?" வேம்பன் சத்தமாகக் கேட்டான், காதைப் பொத்தியிருந்தாலும் கேட்கிற மாதிரி. "நடக்கிறது நடக்கட்டும். நான் சொல்லிவிடுகிறேன், தாங்கள் பிறகு விசாரியுங்கள். நான் செய்தது தவறு என்றால் ஈடு கொடுக்கிறேன். என் வீட்டில் ஒரு பசு இருக்கிறது. வேளைக்கு மூன்று படி கறக்கும்."

"உன் பசு யாருக்கடா வேண்டும்!"

"பசு போதாதென்றால் வீட்டையும் எழுதிக் கொடுக்கிறேன்."

"மூடனே, உன் வீட்டைக் கொடுத்தால் கேட்டது கேட்காததாகிவிடுமா? நீ சொல்லிவிட்டால் நான் எப்படி இனிமேல் கண்டுபிடிப்பேன்? என் கருவூலம் முழுவதையும் கொண்டு வந்து கொட்டினாலும்..."

மன்னர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் மெல்லக் காதிலிருந்து கையை எடுத்தார். சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். வலம்புரியைப் பார்த்தார்.

வேம்பன் குரலைத் தணித்துக்கொண்டான். "அரசே, எனக்குப் பதில் தெரியுமா என்று தாங்கள் விசாரிக்கவில்லை. சாட்சி கூப்பிடவில்லை. வாய் திறந்தேன், நிறுத்திவிட்டீர்கள். முதலில் தடை, அப்புறம் விசாரணை. நஷ்டம் இன்னும் நடக்கவில்லை. ஆனாலும் தாங்கள் அதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். இதே நஷ்டம்தான் வெள்ளிக்கிழமை இந்த அம்மாவுக்குக் காத்திருக்கிறது. தங்களுக்காவது போவது ஒரு சந்தோஷம். இவர்களுக்குப் பதினோரு பேர் சோறு."

"அரசே, இது குரங்குச் சேட்டை!" என்று திருமேனிநாதர் குறுக்கிட்டார். "முரசு தள்ளிப் போனால் எனக்கு ஏற்படும் நஷ்டத்தை யார் பார்ப்பது?"

"அதிகாரி கேட்பதும் சரிதான்" என்றான் வேம்பன். "ஒரு மாதம் தள்ளினால் அவருக்கு என்ன போய்விடும்? முரசு எங்கேயும் ஓடிவிடாது. அவர் ஜெயித்தால் அடுத்த மாதம் இன்னும் பலமாக அடித்துக்கொள்ளலாம். அடித்துவிட்ட முரசைத்தான் திரும்ப வாங்க முடியாது. அப்படியும் அவருக்கு மனம் ஆறாவிட்டால் நான் ஜாமீன் நிற்கிறேன். இந்தத் தடை தவறு என்று தீர்ப்பானால் ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் மூட்டை தூக்குகிறேன்."

மன்னர் நெடுநேரம் தாடியைத் தடவினார்.

"வழக்கு முடியும்வரை முரசு நிற்கட்டும்" என்றார். "ஆனால் பழையபடி ஆளுக்கொரு தடை என்று யாரும் கனவு காண வேண்டாம். தடை கேட்டு வருகிறவன் எனக்கு இரண்டு பதில் சொல்ல வேண்டும். போவது பொன் கொடுத்தால் திரும்புமா, திரும்பாதா? அது வாசலுக்கு வந்துவிட்டதா, இல்லை நீ சும்மா இருந்த இடத்தில் பயப்படுகிறாயா?"

பின்வரிசையிலிருந்து ஒருவன் ஆசையோடு எழுந்தான். "அரசே, என் பக்கத்து வீட்டுச் சேவல்..."

"பஞ்சு வாங்கிக் காதில் வை. காசு கருவூலம் தரும். உட்கார்."

வழக்கை எப்படித் தீர்ப்பது என்பதற்கும் வேம்பன் ஒரு வழி சொன்னான். பக்குவத்தை யாரும் வாய் திறந்து சொல்லவே வேண்டாம். ஒரே நூலில் பின்னிய இரண்டு புது வலை. ஒன்றை வலம்புரி தன் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு ஊறப் போடட்டும். மற்றதைத் திருமேனிநாதர் தன் குடும்பப் பக்குவத்தில் ஊறப் போடட்டும். இரண்டிலும் அரச முத்திரையைக் கட்டி, காவல் போட்டு, பௌர்ணமி வரைக்கும் துறைமுகக் கடலில் இறக்கி வைப்போம். பக்குவம் யார் வீட்டுச் சொத்து என்று கடல் சொல்லட்டும்.

திருமேனிநாதர் வசமாக மாட்டிக்கொண்டார். குடும்பச் சொத்து என்று ஓங்கிச் சொல்லியாயிற்று, இப்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை அவள் வாயால் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றல்லவா இருந்தார்! வீட்டுக்குப் போனார். சரக்கறையில் விலை உயர்ந்தது எதுவோ அதுதான் ரகசியமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. பனிச்சங்காய்ச் சாற்றில் இரண்டு குடம் நெய்யை ஊற்றினார், வெல்லப்பாகு சேர்த்தார், மேலே ஒரு பிடி பச்சைக் கற்பூரமும் போட்டார். கோயில் பிரசாதம் மாதிரி மணக்க மணக்க வலை தயாரானது.

பௌர்ணமி வந்தது. துறைமுகத்திலிருந்து இரண்டு வலைகளையும் சபைக்கு முன்னால் முற்றத்தில் கொண்டு வந்து போட்டார்கள். வலம்புரியின் வலையை நாலு படகோட்டிகள் நாலு பக்கம் இழுத்தார்கள். ஒரு கண்ணி அறவில்லை. திருமேனிநாதர் வலையைத் தூக்கியபோது முத்திரைக் கயிறு மட்டும்தான் கையோடு வந்தது. மிச்சமிருந்த நாலு முழத்தில் எட்டு நண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன. நெய்யும் வெல்லமும் அவற்றுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது போலிருக்கிறது, உதறினாலும் விழவில்லை.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வழக்கு தள்ளுபடி. திருமேனிநாதர் தன் சரக்கறையிலேயே ஒரு வருஷம் உப்பு மூட்டை தூக்க வேண்டும் என்று தீர்ப்பானது. வலம்புரி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

மன்னருக்கு அந்த வலையைத் தன் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. சிம்மாசனத்தை விட்டு இறங்கி விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். பாதரட்சை எடுத்து வைக்கிற பணியாள் நண்டு பார்க்கப் போயிருந்தான். சபை வாசலில் நூறு பேருடைய செருப்பும் குவிந்து கிடந்தது, கூட்டம் ஓடிய ஓட்டத்தில் ஒன்றுக்கொன்று கலந்து. மன்னர் தேடினார். தன்னுடையதில் ஒன்று கிடைத்தது. காலில் மாட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் நொண்டியபடி மற்றதைத் தேடினார். காணோம்.

"இது என்னடா தொல்லை! ஒன்று தொலைந்தால் மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்..."

வாய் அப்படியே நின்றது. தூக்கிய காலும் அப்படியே நின்றது. சபை மூச்சுவிடவில்லை. மந்திரி கண்ணை மூடிக்கொண்டார். வாயிற்காவலன் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"ஒன்றாகப் பிறந்து..." என்றார் மன்னர் மெதுவாக. "ஊரைச் சுற்றி... வாசலில்... செருப்பு! அடே, செருப்பு!"

எழுபத்திரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு அத்தனையும் ஒரே ஆரவாரமாக வெளியே வந்தது. மன்னர் ஒற்றைச் செருப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி குதித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் வேம்பனைக் கட்டிக்கொண்டார்.

"வேம்பா, அன்றைக்கு நீ மட்டும் சொல்லியிருந்தால் இந்தச் சந்தோஷம் எனக்கு எந்தக் கடையில் கிடைத்திருக்கும்! அன்று சொல்ல வந்தாயே, செருப்பு என்றுதானே சொல்ல வந்தாய்?"

"இல்லை அரசே" என்றான் வேம்பன் பணிவாக. "கத்தரிக்காய் என்று சொல்ல வந்தேன்."

"கத்தரிக்காயா? அப்படியானால் எனக்கு ஒரு நஷ்டமும் வந்திருக்காதே!"

"சொல்லி முடித்த பிறகல்லவா அது தெரியும், அரசே."

மன்னர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துக்கொண்டே தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வேம்பன் கழுத்தில் போட்டார். வலம்புரியின் கொட்டகைக்குள் அவள் அழைக்காமல் எந்த அதிகாரியும் கால் வைக்கக் கூடாது என்று செப்பேடு எழுதிக் கொடுத்தார்.

வலம்புரி ஊர் திரும்பினாள். மறுநாளே பதினோரு அடுப்பும் புகைந்தன. அவள் சேர்க்கிற அந்த மூன்றாவது பொருள் என்ன என்றுதானே கேட்க வருகிறீர்கள்? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.